தோட்டத்துப் பட்டணத்தில் ஒரு புதன்கிழமைக் கூட்டம்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், ஜெராய் மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கும் பீடோங் பட்டணத்தில் நான் வசிக்கிறேன். செம்பனைக் குலைகளைத் தோட்டத்திலிருந்து ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லோரி ஓட்டுவது என் தொழில். இருபத்திரண்டு ஆண்டுகள் குடித்தேன். அவற்றுள் கடைசி ஒன்பது ஆண்டுகளில் குடிக்காத நாள் என்று ஒன்றைக்கூட என்னால் நினைவுகூர முடியவில்லை. குடியை நிறுத்த உதவும் கூட்டம் ஒன்றை நான் எப்படித் தேடிக் கண்டடைந்தேன், அங்கே என்ன நடந்தது, பின்னர் எங்கள் ஊரிலேயே அப்படி ஒரு கூட்டத்தை எப்படித் தொடங்கினோம் என்பதை, என்னைப் போல் சிறு பட்டணத்தில் இருந்துகொண்டு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தவிக்கும் ஒருவருக்காக எழுதுகிறேன்.

நான் பிறந்தது ரப்பர்த் தோட்டத்து லயத்தில். அப்போது தோட்டத்திற்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. மாலையானால் அப்பா என்னிடம் ஒரு மூடி போட்ட தகரக் குவளையைக் கொடுத்து அனுப்புவார். எங்கள் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டத்திலிருந்து புறப்பட்ட ஏ.எம். சாமியின் தொண்டர் படை 1946, 1947ஆம் ஆண்டுகளில் கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடிய வரலாற்றை ஊர்ப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தத் தலைமுறை கள்ளை எதிர்த்தபோது கூட்டமாக நின்று எதிர்த்தது. நானோ பத்து ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல், தனியாக, நாளை நிறுத்திவிடுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கழித்தேன். கள்ளில் தொடங்கியது பியருக்கும், பிறகு சம்சு என்ற மலிவான சாராயத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

2018 தைப்பூசத்திற்கு முதல் நாள் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தேன். மனத்தில் உறுதி இருந்தது. அதை இன்றும் நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் அன்றிரவே கை நடுங்கத் தொடங்கியது, உறக்கம் வரவில்லை, உடம்பெல்லாம் வேர்த்தது. இரண்டாம் நாள் மாலை கூடத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு வலிப்பு வந்து விழுந்துவிட்டேன். ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்த என் மகள்தான் அதை முதலில் பார்த்தாள். அவள் என் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டாள் என்று பிறகு கேட்டறிந்தேன்.

மருத்துவமனையில் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. நாள்தோறும் நிறையக் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று மது கிடைக்காமல் போனால், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். அதன் பிறகும், பொதுவாக இரண்டிலிருந்து நான்கு நாட்களுக்குள், இல்லாதவை கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மனம் குழம்பக்கூடும். மருத்துவம் இல்லாவிட்டால் அது உயிரையே பறிக்கலாம். எனக்கு நரம்பை அமைதிப்படுத்தும் மருந்தும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்து ஐந்து நாட்கள் வார்டில் வைத்திருந்தார்கள். ஆகவே நாள்தோறும் குடிப்பவர் யாராக இருந்தாலும், காலையில் எழுந்ததும் கை நடுங்குபவராக இருந்தால், கூட்டத்திற்கோ கோயிலுக்கோ போகும் முன் அருகிலுள்ள அரசு கிளினிக்கிற்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுங்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டால் பாதியாகக் குறைத்துச் சொல்லாதீர்கள். மருந்தின் அளவு அந்தப் பதிலைப் பொறுத்தது.

வார்டில் ஓர் இளம் மருத்துவர் உலக சுகாதார நிறுவனம் வகுத்த பத்துக் கேள்விகளை மலாயில் கேட்டார். மொத்தம் 40 புள்ளிகள். எட்டு வந்தாலே குடிப்பழக்கம் கேடான நிலைக்குப் போகிறது என்று பொருள் என்றார். எனக்கு 31 வந்தது. பினாங்கில் குடிநோயாளிகள் தாங்களே கூடி நடத்தும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், பெயர் வெளியிடாத குடிநோயாளிகள்) கூட்டம் ஒன்று இருப்பதாகச் சொல்லி, மறுபரிசோதனை அட்டையின் பின்புறத்தில் கிழமையையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்தார். அந்த அட்டையை எட்டு மாதங்கள் பணப்பையில் வைத்திருந்தேன், போகவில்லை. வெளியே வந்த மூன்றாம் வாரமே குடிக்கவும் தொடங்கிவிட்டேன்.

ஏன் போகவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தோட்டத்துப் பட்டணங்களில் பலரைத் தடுத்து நிறுத்துவது இதுதான். யாராவது பார்த்துவிடுவார்களே என்று பயந்தேன். நான் கோயில் நிர்வாகக் குழுவில் இருந்தவன். மகளுக்கு நாளை வரன் பார்க்க வேண்டும். லோரி முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். இப்படி ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனால் கடைவீதியில் மோட்டாரோடு நான் விழுந்து கிடந்ததை இந்த ஊர் மூன்று முறை பார்த்திருந்தது. நான் குடிப்பது எல்லாருக்கும் தெரியும். நான் குடியை நிறுத்த முயல்வது தெரிந்துவிடக் கூடாது என்றுதான் உண்மையில் அஞ்சியிருக்கிறேன். இதை உணர எனக்கு வெகுகாலம் ஆயிற்று. அந்த ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர், பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள், மாண்டுபோன செய்தி நாளிதழ்களில் தொடர்ந்து வந்தது. அதைப் படித்த நாளில் என் மனைவி எதுவும் பேசாமல் அந்த அட்டையை எடுத்து என் மோட்டார் சாவிக்குக் கீழே வைத்தாள்.

பீடோங்கிலிருந்து மோட்டாரில் சுங்கை பட்டாணி, அங்கிருந்து ரயிலில் பட்டர்வொர்த், பிறகு ஃபெரியில் ஜோர்ஜ்டவுன் என்று வீட்டிலிருந்து அந்த மண்டபத்திற்குப் போய்ச் சேர இரண்டரை மணி நேரம் ஆனது. தொலைவு எனக்கு அன்று உதவியாகவே இருந்தது. தெரிந்த முகம் எதுவும் இருக்காது என்ற நம்பிக்கையில்தான் கால் நகர்ந்தது. ஆகையால் முதல் கூட்டத்தை உங்கள் ஊரிலேயே தேட வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஓரளவு தள்ளி இருக்கும் பட்டணம் நல்லது. ஆனால் வாரந்தோறும் போய்வரக்கூடிய தொலைவாக அது இருக்க வேண்டும்.

அது ஒரு தேவாலயத்தின் பின்கட்டு. வாசலில் நின்றிருந்த வயதான தமிழர் ஒருவர் என்னைப் பார்த்து, "வாங்க தம்பி, கோப்பி குடிச்சிட்டு உட்காருங்க" என்றார். பெயரை எங்கே பதிய வேண்டும், ஐசி (அடையாள அட்டை) நம்பர் வேண்டுமா என்று கேட்டேன். "இங்கே பதிவுப் புத்தகமே கிடையாது தம்பி. கூப்பிட ஒரு பேர் சொன்னா போதும்" என்றார். கண்ணாடிக் குவளையில் பாதிக்கு மட்டும் கோப்பி ஊற்றிக் கொடுத்தார். மற்றவர்களின் குவளைகள் நிறைந்திருந்ததைக் கவனித்து, புதியவன் என்பதால் எனக்குக் குறைத்துக் கொடுக்கிறார் என்று உள்ளுக்குள் வருந்தினேன். என் கை நடுங்குவதை அவர் வாசலிலேயே பார்த்துவிட்டிருந்தார் என்பதும், நிறைய ஊற்றினால் சட்டையில் சிந்தி நான் வெட்கப்படுவேன் என்று எண்ணியே அளவாக ஊற்றினார் என்பதும், நான் கோப்பி ஊற்றும் பொறுப்பை ஏற்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கூட்டம் நடக்கும் முறை எளிமையானது. 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் அக்ரன் நகரில் குடியிலிருந்து மீள முயன்ற இருவர், ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும், ஒருவரோடு ஒருவர் பேசிப் பேசியே குடிக்காமல் இருக்க முடிகிறது என்று கண்டதிலிருந்து வளர்ந்தது இது. இன்றும் அடிப்படை அந்தப் பேச்சுத்தான். தொடக்கத்தில் ஒருவர் சிறு முன்னுரை வாசிக்கிறார். குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே சேர்வதற்குத் தகுதி, கட்டணம் கிடையாது என்பது அதில் இருக்கும். பிறகு ஒருவர் தம் கதையைச் சொல்வார். தொடர்ந்து விரும்பியவர்கள் பேசலாம், விரும்பாதவர்கள் "இன்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லிவிடலாம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை, புத்தி சொல்வதும் இல்லை. வாடகைக்கும் கோப்பித் தூளுக்கும் ஒரு கூடை சுற்றி வரும். புதியவரைப் போட விடமாட்டார்கள். குடும்பத்தினரும் வந்து உட்காரக்கூடிய திறந்த கூட்டம் உண்டு. குடிநோயாளிகளுக்கு மட்டுமான மூடிய கூட்டமும் உண்டு. எது எந்த நாள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் மனைவியை அழைத்துப் போய் வாசலில் சங்கடப்பட நேராது.

முதல் மாதம் எனக்கு ஒட்டவில்லை. பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது; மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவனுக்குப் பாதிதான் புரிந்தது. வந்தவர்களில் ஓய்வுபெற்ற அதிகாரிகள், ஒரு சீன ஆசிரியர், ஒரு வெள்ளைக்காரர் எல்லாரும் இருந்தார்கள். இவர்கள் விஸ்கி குடித்தவர்கள், நான் சம்சு குடித்தவன். இவர்களுக்கும் எனக்கும் என்ன தொடர்பு என்று எண்ணியபடி ஃபெரியில் திரும்புவேன். நான்காம் கூட்டத்தில் அந்தச் சீன ஆசிரியர், வீட்டில் கழிவறைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போத்தலைக் கட்டித் தொங்கவிட்டிருந்ததையும், இரவில் அதை எடுக்கும்போது பீங்கான் மூடி ஓசை எழுப்பாமலிருக்க அடியில் துவாலை வைத்ததையும் சொன்னார். என் லோரியில் ஜாக்கி வைக்கும் பெட்டிக்குள், போத்தல் இரும்பில் தட்டி ஓசை வராமலிருக்க நான் பழைய கையுறையைச் சுற்றி வைப்பேன். அன்று முதன்முறையாகக் கையை உயர்த்தினேன். பக்கத்தில் இருந்த பெரியவர், "தமிழிலேயே பேசுங்க, நான் சொல்லிடறேன்" என்றார். நான் பேசப் பேச அவர் ஆங்கிலத்தில் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த ஆசிரியர் மட்டும் கையுறை என்ற இடத்தில் தலையை ஆட்டினார். ஒரு கூட்டம் நமக்குப் பொருந்துமா என்று தீர்மானிக்க குறைந்தது ஆறு முறையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொரு தயக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தேவாலயத்தில் நடக்கிறது என்று கேட்டதும் என் மாமியார், மதம் மாற்றிவிடுவார்கள் என்று அஞ்சினார். நம் சமூகத்தில் இந்த அச்சம் இயல்பானது. அதைக் கேலி செய்வது தவறு. அந்த மண்டபம் வாடகைக்கு எடுத்தது. இந்த அமைப்பு எந்தச் சமயத்தையும் கட்சியையும் சார்ந்தது அல்ல என்று ஒவ்வொரு கூட்டத்திலும் வாசிக்கிறார்கள். குடியிலிருந்து மீள இந்த அமைப்பு வகுத்த பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது. ஆனால் அவரவர் புரிந்துகொண்டபடி என்ற சொற்களோடுதான் வருகிறது. எனக்கு முருகன். என் பக்கத்தில் இருந்த ஒருவர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அந்தக் கூட்டத்தையே தம்மைவிடப் பெரிய சக்தியாக வைத்துக்கொண்டேன் என்பார். என் மாமியாரை ஒரு திறந்த கூட்டத்திற்கு அழைத்துச் சென்றேன். கடைசியில் எல்லாரும் எழுந்து, மாற்ற முடியாததை ஏற்கும் அமைதியையும் மாற்ற முடிந்ததை மாற்றும் துணிவையும் வேண்டியபோது, அவர் தம் வழக்கப்படி கைகூப்பி நின்றார். அதன் பிறகு அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் எழவில்லை.

அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 6ஆம் தேதி. அதற்குள் நாற்பது நாட்கள் குடிக்காமல் இருந்திருந்தேன். மைத்துனர் வீட்டில் "இன்னைக்கு ஒரு நாள்தானே மச்சான்" என்று ஊற்றினார்கள், குடித்தேன், நான்கு நாட்கள் நிற்கவில்லை. திரும்பக் கூட்டத்திற்குப் போகும்போது வலிப்பு வந்ததைவிட அதிக அவமானமாக இருந்தது. பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை, கோப்பி கொடுத்தார், மறுபடியும் பாதிதான். அன்றிலிருந்து அவரே எனக்கு வழிகாட்டி ஆனார். ஸ்பான்சர் என்று அவர்கள் அழைப்பது இந்த உறவைத்தான்: நமக்கு முன்பே இந்தப் பாதையில் நடந்த ஒருவர், எந்த நேரமும் தொலைபேசியில் கூப்பிடலாம் என்று அனுமதி கொடுப்பார். ஆண் என்றால் ஆணையும் பெண் என்றால் பெண்ணையும் தேர்ந்துகொள்வது வழக்கம். விருந்துகளைப் பற்றி அவர் எனக்குச் சொன்ன ஏற்பாடு பயன் மிக்கது: போகும் முன் ஒரு முறை கூப்பிட வேண்டும், திரும்பியதும் ஒரு முறை கூப்பிட வேண்டும், சொந்த மோட்டாரில் போக வேண்டும், கையில் எப்போதும் ஏதாவது குவளை இருக்க வேண்டும். நிறைந்த குவளையோடு இருப்பவனுக்கு யாரும் ஊற்ற முன்வருவதில்லை.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் கூட்டம் நின்றது. மாநில எல்லையைத் தாண்டவும் முடியவில்லை. லயத்து வீட்டில் அடைந்து கிடந்த அந்த நாட்களில் மறுபடியும் குடித்துவிடுவேன் என்றே பயந்தேன். அப்போதுதான் தமிழ்நாட்டு ஏ.ஏ. நண்பர்கள் ஸூம் வழியாக நடத்திய தமிழ்க் கூட்டத்தில் பெரியவர் என்னைச் சேர்த்துவிட்டார். அவர்களுக்கு இரவு ஏழரை என்றால் நமக்குப் பத்து. இரண்டரை மணி நேர வேறுபாடு. குடிநோயாளி என்ற சொல்லை முதன்முறையாகத் தமிழில் என் வாயால் சொன்னது அந்தக் கூட்டத்தில்தான். ஆங்கிலத்தில் பலமுறை சொல்லியிருந்தும் தமிழில் சொன்னபோது நெஞ்சு அடைத்தது. தாய்மொழியில் ஒரு கூட்டம் ஊரிலேயே வேண்டும் என்ற எண்ணம் அன்று தோன்றியது.

2022இல் அதைத் தொடங்கினோம். இரண்டு மூன்று பேர் குடியை விடுவதற்காகக் கூடினாலே, வேறு சார்பு இல்லாதவரை, அதை ஒரு குழு என்று அழைக்கலாம் என்பது இந்த அமைப்பின் மரபு. அனுமதிக் கடிதம் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. கோயில் மண்டபத்தைத் தருவதாகச் சொன்னார்கள். நன்றியோடு மறுத்தோம், ஏனென்றால் குடிக்கிற ஒருவனுக்கு ஊரே கூடும் கோயிலின் வாசற்படியை ஏறுவதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். கட்சிக் கிளை அலுவலகமும் வேண்டாம் என்று விட்டோம். கடைவீதியில் ஒரு டியூஷன் நிலையத்தின் மாடி அறை கிடைத்தது. நாள் புதன், ஏனென்றால் அன்று அந்தத் தெருவில் இரவுச்சந்தை. சந்தை நாளில் அங்கே யாருடைய மோட்டார் நின்றாலும் ஒருவரும் வியப்படைவதில்லை. காய்கறி வாங்க வந்தேன் என்றால் முடிந்தது. சிறு பட்டணத்தில் குழு தொடங்க நினைப்பவர்கள் இப்படிப்பட்ட சிறு விஷயங்களை முதலில் யோசிக்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். பெயர் வெளியிடாமை என்ற கொள்கை, மோட்டாரை நிறுத்தும் இடத்திலிருந்தே காக்கப்பட வேண்டியது.

முதல் பதினேழு வாரங்கள் நானும் என்னோடு தொடங்கிய நண்பரும் மட்டுமே உட்கார்ந்தோம். மூன்றாமவர் வந்த விதம் மறக்காது. இரண்டு புதன்கிழமைகள் அவர் எதிர்ப்புறத்தில் தலைக்கவசத்தைக் கழற்றாமலே மோட்டாரில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விட்டார். மாடியிலிருந்து நாங்கள் பார்த்தோம். கீழே இறங்கி அழைக்கவில்லை. மூன்றாம் புதன் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி மேலே வந்தார். இப்போது ஒன்பது பேர் வருகிறோம்.

சம்பள நாள்தான் எங்களுக்குச் சோதனை. அந்த வாரம் நாற்காலிகள் காலியாகும். அதனால் சம்பளம் கைக்கு வரும் நாளில் இருவர் இருவராகச் சேர்ந்து வங்கி இயந்திரத்திற்குப் போவது, எடுத்த பணத்தை நேராக வீட்டில் கொடுத்துவிட்டு ஒன்றாகப் பசியாறப் போவது என்று வைத்துக்கொண்டோம். வீட்டுப் பெண்களின் தேவை வேறு. 1951இல் குடும்பத்தினருக்கென்று தொடங்கிய அல்-அனான் என்ற தனி அமைப்பின் கூட்டங்களை என் மனைவி இணையத்தில் கேட்கிறாள். என் போத்தலைத் தேடுவதை நிறுத்தக் கற்றுக்கொண்டதே அங்கேதான் என்கிறாள்.

அருகில் கூட்டம் இருக்கிறதா என்று தெரியாதவர்கள் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ, மென்தாரி என்ற சமூக மனநல நிலையத்திலோ கேட்கலாம். சுகாதார அமைச்சின் ஹீல் 15555 என்ற தொலைபேசி எண்ணையும் அழைக்கலாம். கேட்கும்போது, தமிழில் பேசக்கூடியவர் வேண்டும் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

சென்ற ஆண்டு ஒரு புதன்கிழமை எனக்குக் கடும் காய்ச்சல், நண்பர் வெளியூரில் இருந்தார். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் கூட்டம் இல்லை என்று செய்தி அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். குழுவில் இல்லாத புதியவர் ஒருவர் அன்று மழையில் வந்து, பூட்டிய கதவின் முன் நின்றுவிட்டுப் போயிருக்கிறார். அதைக் கீழ்க்கடைக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டோம். அவர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை, மறுபடியும் வரவில்லை. மறுவாரமே இன்னும் இரண்டு சாவிகள் வெட்டினோம். இப்போது நான்கு பேரிடம் சாவி இருக்கிறது. மழையோ காய்ச்சலோ, புதன் இரவு எட்டு மணிக்கு யாராவது ஒருவர் போய் விளக்கைப் போட்டு, கோப்பிக்குத் தண்ணீர் வைக்கிறார்.